வெயிலைத் தாங்குமா வண்ணப் பென்சில்?

சினிமாச் சுவரொட்டிகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒட்டிய அன்று கதாநாயகியின் புடவை செக்கச் செவேலென்று இருக்கும். வெயில் படும் சுவரில் சில வாரங்கள் கிடந்த பிறகு பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் போய், முகம், புடவை, எழுத்து எல்லாமே நீலம் பூத்து நிற்கும். எல்லா நிறங்களும் ஒரே வெயிலில்தான் காய்ந்தன. ஆனாலும் சில நிறங்கள் ஓடிவிட்டன, சில நிறங்கள் நின்றன. இது ஏன்?

இந்தக் கேள்விக்கும் உங்கள் பையிலுள்ள வண்ணப் பென்சில் பெட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் ஆகியவற்றைக் கலை என்று மதித்த உலகம், வண்ணப் பென்சிலை நெடுங்காலம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே கருதியது. அதற்கு ஒரு காரணம், அதன் நிறம் நிலைக்காது என்ற ஐயமே. அந்த ஐயத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பெரும் பங்கு பொழுதுபோக்காகப் படம் வரைந்தவர்களுடையது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

கருப்பு முதலில் வந்தது

16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கில், கருமையாக மின்னும் ஒரு கனிமம் கிடைத்தது. ஆட்டு மந்தைகளில் அடையாளக் கோடு போட அந்த ஊர் இடையர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். 1565-இல் சூரிச் நகர அறிஞர் கான்ராட் கெஸ்னர் தமது நூலொன்றில், மரப்பிடிக்குள் செருகிய இந்தக் கனிமத்தின் படத்தை வெளியிட்டார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பென்சில் படங்களுள் அதுவும் ஒன்று.

அந்தக் கனிமத்தை ஒருவகைக் காரீயம் என்று அக்காலத்தவர் எண்ணினர். 1779-இல் சுவீடனின் வேதியியலார் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, அது காரீயமே அன்று, கரியின் ஒரு வடிவம் என்று காட்டினார். 1789-இல் ஜெர்மானியக் கனிமவியலார் வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயரிட்டார். எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. ஆனால் பழைய தவறு பேச்சில் ஒட்டிக்கொண்டது. பென்சில் முனையைக் காரீயம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. உண்மையில் அதில் காரீயம் கிடையாது.

1793-இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. பாரோடேல் கிராஃபைட் பிரான்சுக்குப் போவது நின்றது. அப்போது நிக்கோலா ழாக் கொன்டே என்பவர் ஒரு வழி கண்டார். தரம் குறைந்த கிராஃபைட்டைத் தூளாக்கி, களிமண்ணுடன் பிசைந்து, குச்சிகளாக உருட்டி, சூளையில் சுட்டார். 1795-இல் அதற்கு உரிமமும் பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு மங்கலாகும். கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கருக்கும். இன்று நாம் வாங்கும் கருப்புப் பென்சில் இந்த முறையில்தான் உருவாகிறது.

வண்ணத்துக்கு நெருப்பு ஆகாது

கொன்டேயின் முறையிலேயே கிராஃபைட்டுக்குப் பதிலாகச் சிவப்பையோ நீலத்தையோ சேர்த்துச் சுட்டால் வண்ணப் பென்சில் கிடைத்துவிடாதா? நியாயமான கேள்விதான். விடை சூளைக்குள் இருக்கிறது.

கிராஃபைட் குச்சிகளை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். கரிக்குக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நிறமிகளின் நிலை வேறு. மஞ்சள் காவியை அடுப்பில் போட்டால், அதிலுள்ள நீர்ப்பகுதி வெளியேறிச் சிவப்புக் காவியாகிவிடும். செங்கல் சூளையில் பச்சைச் செங்கல் சிவந்து வருவதும் இரும்பு செய்யும் இத்தகைய வேலைதான். பிரஷ்ய நீலம் சிதைந்துபோகும். செடிகொடிகளிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் எடுத்த நிறங்களோ கருகிச் சாம்பலாகும். எனவே வண்ணக் குச்சியைச் சுடக் கூடாது. சுடாமல் அதை உறுதியாக்க வேண்டும். கருப்புப் பென்சிலுக்கும் வண்ணப் பென்சிலுக்கும் உள்ள எல்லா வேற்றுமைகளும் இந்த ஒரு சிக்கலிலிருந்தே பிறந்தன.

அதற்கு முன்பும் ஓவியர்களிடம் வண்ணக் குச்சிகள் இல்லாமல் இல்லை. லியனார்டோ டா வின்சி இரும்புக் காவி கலந்த இயற்கைச் செஞ்சுண்ணக் கட்டியால் வரைந்தார். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் வாட்டோ சிவப்பு, கருப்பு, வெள்ளை என மூன்று கட்டிகளைச் சேர்த்து உயிருள்ள முகங்களைத் தீட்டினார். ஆனால் இவை கையில் ஒட்டும், தாளிலிருந்து உதிரும். கூராகச் சீவி மெல்லிய கோடு இழுப்பதும் கடினம்.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பென்சில் செய்பவர்களின் ஊர். 1662-ஆம் ஆண்டின் நகர ஆவணத்திலேயே ஃபிரீட்ரிக் ஸ்டெட்லர் என்னும் பென்சில் கைவினைஞரின் பெயர் வருகிறது. அந்தக் குடும்பத்தில் வந்த யோஹான் செபாஸ்டியன் ஸ்டெட்லர், 1834-இல் எண்ணெய்ப் பசை கலந்த வண்ணக் குச்சியை மரத்துக்குள் வைத்துப் பென்சிலாக்கினார் என்று அவர் நிறுவிய தொழிலகத்தின் வரலாறு கூறுகிறது. அதே நியூரம்பர்க்கை அடுத்த ஸ்டைன் என்னும் ஊரில், 1761-இல் காஸ்பர் ஃபாபர் தொடங்கிய பட்டறை, பிற்காலத்தில் ஃபாபர்-காஸ்டெல் ஆயிற்று. அங்கிருந்து 1908-இல் ஓவியர்களுக்கென்றே 60 நிறங்களில் பாலிக்ரோமோஸ் என்னும் வண்ணப் பென்சில்கள் வெளிவந்தன. பள்ளிப் பிள்ளைகளின் கருவி, ஓவியர்களின் மேசையில் ஏற முயன்ற காலம் அது.

மரத்துக்குள் மெழுகு

வண்ணக் குச்சியில் நான்கு வகைப் பொருள்கள் உண்டு. நிறம் தரும் நிறமி முதலாவது. வெண்களிமண், டால்க் போன்ற நிரப்புப் பொருள் இரண்டாவது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பசை மூன்றாவது. தாளில் வழுக்கிச் சென்று ஒட்டச் செய்யும் மெழுகோ எண்ணெயோ நான்காவது. இவற்றைப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல அச்சின் வழியே பிழிந்து, நீளமான இழைகளாக்கி, வெட்டி, மெதுவாக உலர்த்துகிறார்கள். சூளைக்கு இங்கே வேலை இல்லை. அதனால்தான் வண்ணப் பென்சில் முனை கருப்புப் பென்சில் முனையைவிட எளிதில் ஒடிகிறது. கீழே விழுந்த வண்ணப் பென்சிலைச் சீவச் சீவ முனை உதிர்வதற்கும் இதுவே காரணம். வெளியே மரம் முழுதாக இருக்க, உள்ளே குச்சி பல இடங்களில் உடைந்திருக்கும்.

மரத்தைத் துளைத்துக் குச்சியைச் செருகுவதில்லை. மெல்லிய பலகையில் அரைவட்டக் காடிகள் வெட்டி, குச்சிகளை அவற்றில் கிடத்தி, அதே போன்ற இன்னொரு பலகையை மேலே ஒட்டி, பிறகுதான் தனித்தனிப் பென்சில்களாக அறுக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு அமெரிக்காவின் சிவப்புச் சீடர் மரம் பெரிதும் பயன்பட்டது. சீவும்போது பிசிறாத, மணமுள்ள மரம் அது. வெட்டிக்கொண்டே போனதால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. குடியானவர்களின் பழைய வேலிக் கட்டைகளைக்கூடப் பென்சில் கம்பெனிகள் விலைக்கு வாங்கின. பிறகு கலிபோர்னியாவின் வேறொரு சீடர் மரத்துக்கு மாறின. இந்தியாவில் காஷ்மீரத்துப் பாப்ளர் மரம் பென்சிலுக்கு உதவுகிறது. புல்வாமா மாவட்டத்தில் பென்சில் பலகை அறுக்கும் ஆலைகள் உள்ளன.

தாளின் மேடும் பள்ளமும்

இனி, பென்சிலைத் தாளில் வைத்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். படம் வரையும் நுட்பங்கள் எல்லாம் இதற்குள் அடங்கியவை.

கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் தாளை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், பின்னிக் கிடக்கும் நார்கள் மேடும் பள்ளமுமாகத் தெரியும். லேசாகத் தீட்டினால் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் வண்ணப் பென்சில் படத்தில் ஒரு பொடிப்பொடியான ஒளி தெரிகிறது. இந்தப் பள்ளங்களைப் படிப்படியாக நிரப்புவதே கை தேர்ந்தவர்களின் முறை. முதலிலேயே அழுத்திவிட்டால் தாள் நசுங்கி, மேலே அடுத்த வண்ணம் ஏறாது. மென்மையாக ஐந்தாறு முறை தீட்டினால், ஒன்றன் மேல் ஒன்றாக வண்ணம் ஏறும். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் நன்றாக அழுத்தித் தேய்த்தால், மெழுகு பள்ளங்களில் இறங்கி, படம் மெருகேறிப் பளபளக்கும்.

மஞ்சளின் மேல் நீலம் தீட்டினால் பச்சை வருகிறது. மெல்லிய வண்ணப் படலத்தின் ஊடே ஒளி சென்று, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் மஞ்சள் தன் பங்குக்குச் சில நிறங்களை விழுங்குகிறது. நீலம் தன் பங்குக்குச் சிலவற்றை விழுங்குகிறது. இரண்டும் விடுவது பச்சையை மட்டுமே. மஞ்சள் கோடுகளையும் நீலக் கோடுகளையும் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் இழுத்துவிட்டுத் தொலைவிலிருந்து பார்த்தால் வேறுவிதமாக இருக்கும். அங்கே நிறத்தைக் கலப்பது தாளன்று, உங்கள் கண்.

இந்தக் கண் விளையாட்டை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரெல். 1824-இல் அவர் பாரிசின் கோபெலின் அரசு நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கருப்பு நூலின் சாயம் சரியில்லை என்று அங்கே குறை சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் பிழை இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்களே கருப்பை மங்கச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைப் பொறுத்து மாறித் தோன்றும் என்னும் இந்த விதியை 1839-இல் அவர் பெரிய நூலாக வெளியிட்டார். இதே செவ்ரெல்தான் அதற்கு முன் கொழுப்புகளைப் பகுத்து ஸ்டியரிக் அமிலத்தை அறிந்து சொன்னவர். வண்ணப் பென்சில்களில் சேர்க்கும் கொழுப்புப் பொருள்களில் அந்த அமிலமும் ஒன்று.

தண்ணீரில் கரைந்த பென்சில்கள்

பழைய அலுவலகங்களில் இருந்தவர்களுக்குக் காப்பியிங் பென்சில் நினைவிருக்கும். 1870-களில் பரவிய இந்தப் பென்சிலில் கிராஃபைட்டுடன் ஊதா அனிலின் சாயம் கலந்திருந்தது. எழுதும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் அடர்ந்த ஊதா. ஈரத் தாளை மேலே வைத்து அழுத்திக் கடிதத்துக்குப் படி எடுப்பார்கள். ரப்பரால் அழிக்க முடியாததால் கணக்கெழுதவும் கையெழுத்திடவும் அது பயன்பட்டது. முனையை நாவில் நனைத்து எழுதியவர்களின் உதடு ஊதாவாகும். அதன் முனை கண்ணில் பட்டுக் கடுமையான காயங்கள் ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆபத்தில்லாத நிறமிகளைக் கொண்டு, நீரில் கரையும் வண்ணப் பென்சிலை ஓவியத்துக்கென்றே ஆக்கியது ஜெனீவாவின் காரன் டாஷ் நிறுவனம். 1931-இல் வந்த அந்தப் பென்சிலின் பெயர் பிரிஸ்மாலோ. பென்சிலால் தீட்டி, நனைந்த தூரிகையால் தடவினால் நீர்வண்ணம் ஆகிவிடும். நிறுவனத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பென்சிலுக்கு ரஷ்ய மொழியில் கரன்தாஷ் என்று பெயர். அந்தச் சொல்லைப் புனைபெயராகக் கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரரின் நினைவாக 1924-இல் வைத்த பெயர் அது. 1938-இல் அமெரிக்காவின் ஈகிள் பென்சில் கம்பெனி, மென்மையான மெழுகு முனை கொண்ட பிரிஸ்மாகலரை வெளியிட்டது.

சாயம் வெளுத்தது

பென்சில் மேம்பட்டது. நிறங்களும் பெருகின. ஆனால் நிறம் நிலைக்குமா?

1856-இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். அதன் பின் செயற்கைச் சாயங்கள் வெள்ளமாக வந்தன. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றுள் பல ஒளியைத் தாங்கவில்லை. ஒளி என்பது ஆற்றல். நிறம் தரும் மூலக்கூறின் பிணைப்புகளை அந்த ஆற்றல் உடைக்கும்போது நிறம் போய்விடுகிறது. 1888-இல் வின்சென்ட் வான் கோ தமது படுக்கை அறையின் சுவர்களை வெளிர் ஊதாவாகத் தீட்டினார். அதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அந்தப் படத்தில் சுவர்கள் நீலமாக இருக்கின்றன. ஊதாவிலிருந்த சிவப்புப் பங்கு வெளுத்துவிட்டது.

முதலில் கேட்ட சுவரொட்டிக் கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. அச்சு மையிலுள்ள சிவப்பும் மஞ்சளும் ஒளிக்கு எளிதில் இளகுபவை. நீல மையில் இருப்பது தாமிர தாலோசயனைன். 1935-இல் சந்தைக்கு வந்த நிறமி அது. நடுவில் ஒரு தாமிர அணுவும், சுற்றிலும் வளையமாக உறுதியான பிணைப்புகளும் அமைந்த மூலக்கூறு. இலைப் பச்சையத்தின் வளையத்தை நினைவூட்டும் அமைப்பு. கருப்பு மையோ வெறும் கரி. எனவே சிவப்பும் மஞ்சளும் ஓடிய பிறகும் இவை இரண்டும் நிற்கின்றன.

வண்ணப் பென்சிலுக்கும் இதே நியாயம்தான். ஒரே பெட்டியில் இரும்புக் காவியாலான பழுப்பு பல தலைமுறைகள் நிற்கும். அதன் அருகிலுள்ள இளஞ்சிவப்போ, ஒளியில் மாட்டினால் சில ஆண்டுகளில் மங்கிப்போகலாம். வாங்குபவருக்கு எது எதுவென்று தெரிய வழியில்லை. பள்ளிப் பயிற்சிக்கு இது பொருட்டன்று. ஆனால் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து தம் தாயின் முகத்தை வரைந்து சுவரில் மாட்டினால்? கன்னத்துச் சிவப்பு முதலில் போகும். நோயாளி போன்ற ஒரு முகம் மிஞ்சும்.

பொழுதுபோக்காளர்களின் சோதனைக்கூடம்

1970-களில் டேவிட் ஹாக்னி போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் வண்ணப் பென்சிலால் உருவப்படங்கள் வரைந்தார்கள். 1983-இல் அமெரிக்காவில் பெட் போர்கெசன் இந்தக் கலைக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டார். 1990-இல் வேரா கர்னோ அமெரிக்க வண்ணப் பென்சில் சங்கத்தை நிறுவினார். தொழில்முறை ஓவியர்களோடு, வீட்டில் ஓய்வு நேரத்தில் வரைபவர்களும் அதில் உறுப்பினர்கள்.

படத்துக்கு விலை கேட்டபோதும், கண்காட்சியில் வைத்தபோதும், இது நிலைக்குமா என்ற கேள்வி அவர்களைத் துரத்தியது. அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நிறங்களைத் தாளில் தீட்டி, பாதியை மூடி, வெயிலில் வைத்து, எத்தனை நாளில் எது மங்குகிறது என்று குறித்தார்கள். அளவுகோலாக நீலக் கம்பளி அட்டையைக் கொண்டார்கள். அதில் 8 நீலப் பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் மங்க, முந்தியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளி வேண்டும். எந்தப் பட்டையோடு உங்கள் நிறம் மங்குகிறதோ, அதுவே அதன் தரம். இத்தகைய முயற்சிகளின் விளைவாக, 2000-க்குப் பிறகு, ஓவியர்களின் வண்ணப் பென்சிலுக்கென்று டி 6901 என்னும் தர விதி அமெரிக்காவில் உருவாயிற்று. உயர்தரப் பென்சில்களின் மேல் ஒளித்தாங்கும் திறனைக் குறிகளால் காட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. விளையாட்டுப் பொருள் என்ற ஏளனத்துக்கு, அவர்கள் அளந்து விடை சொன்னார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒளிச் சோதனை: ஒரு தடித்த தாளில் உங்களிடமுள்ள எல்லா நிறங்களையும் சம அழுத்தத்தில், பட்டை பட்டையாகத் தீட்டுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் பெயரும் தேதியும் எழுதுங்கள். பட்டைகளின் ஒரு பாதியைக் கனமான கருப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலின் உட்புறம் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அட்டையை நீக்கி ஒப்பிடுங்கள். மூன்று மாதங்களில் உங்கள் பெட்டியின் குணம் தெரிந்துவிடும்.

இலைப் பதிவு: அரச இலை ஒன்றை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே மெல்லிய தாளைப் பரப்பி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றாக எழும். நாணயத்தில் இதை எல்லோரும் செய்திருப்போம். 1925-இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்து, அவற்றில் காடுகளையும் பறவைகளையும் கண்டார். உங்கள் இலையில் மரம் தெரிகிறதா, ஆறு தெரிகிறதா என்று பார்த்து, வேறு நிறத்தால் அதை வரைந்து முடியுங்கள்.

மறைந்த கோடு: மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் தாளில் அழுத்தி ஒரு பூனையின் மீசையை வரையுங்கள். ஒன்றும் தெரியாது. அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தீட்டுங்கள். பள்ளத்தில் வண்ணம் இறங்காததால் மீசை வெள்ளையாக எழும்.

செவ்ரெலின் விந்தை: இரண்டு கட்டங்களை வரைந்து, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் தீட்டுங்கள். இரண்டின் நடுவிலும் ஒரே சாம்பல் நிறத்தால் சிறு வட்டம் போடுங்கள். சாம்பல் இரண்டும் ஒன்றா என்று நண்பரைக் கேளுங்கள்.

சோதனை முடிந்ததும், வெளுக்காத பென்சில்களைத் தனியே எடுத்து வையுங்கள். நெடுநாள் காக்க விரும்பும் படங்களை அவற்றால் வரையுங்கள். மற்றவற்றை எறிய வேண்டாம். படத்தை ஏட்டுக்குள் மூடி வைத்தால் ஒளி படாது, நிறமும் எளிதில் போகாது. சுவரில் மாட்டத்தான் வேண்டுமென்றால், நேர் வெயில் விழாத சுவராகத் தேர்ந்தெடுங்கள்.